மெழுகும் மண்ணும்

வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கள் உடம்பை இரண்டு விதமாகக் காணிக்கை செலுத்துகிறார்கள். ஒன்று, வெள்ளியிலோ முலாம் பூசிய தகட்டிலோ செய்த கை, கால், கண், இருதயம். பிள்ளை வேண்டினவர்களுக்குத் தொட்டில்; வீடு வேண்டினவர்களுக்கு வீடு. மற்றது மெழுகு. தன் உயரத்துக்கு ஒரு திரி வாங்கி, தோளில் சாத்திக்கொண்டு போகிறார்கள். ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் முடிகிற திருவிழாக் கூட்டத்தில் இந்தத் திரிகள் தலைகளுக்கு மேலே ஆடி ஆடிப் போவதைப் பார்க்கலாம். முதல் வகைக்குக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, காணிக்கைகளுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. இரண்டாவது வகைக்குச் சில மணி நேரம்தான்.

காட்சிக்கூடத்தில் நிற்கிறபோது, எது காப்பாற்றப்பட்டிருக்கிறது என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. வங்கியில் நகைக்கடன் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவனுக்கு அதற்கு ஒரு பதில் உடனே தோன்றும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைப்பார், எடை போடுவார், கல்லுக்கும் அரக்குக்கும் கழிப்பார், ஒரு எண் சொல்வார். செய்கூலி அந்த எண்ணில் சேராது. காசுமாலையின் காசில் லட்சுமி எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. கண்ணாடிக்குள் இருக்கிற வெள்ளிக் கால்களில் பெரும்பாலானவை அச்சில் அடித்தவை. ஒரே கால், நூறு பேருடைய வலி. அவை தங்கியிருப்பதற்கு உலோகம் காரணம். மெழுகு தங்காததற்கும் அதுதான் காரணம்.

மெழுகுதிரி கலைப்பொருள் என்று நான் வாதாட வரவில்லை. கடையில் தொங்குகிற திரியும் அச்சில் வார்த்ததுதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கிற செயலில் ஒரு வடிவப் பிரக்ஞை இருக்கிறது. தன் உயரத்துக்கு அளந்து வாங்குவது என்பது உடம்பைப் பற்றிய மற்றெல்லா விவரங்களையும் கழித்துவிட்டு, நீளம் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. முகம் இல்லை, பால் இல்லை, வயது இல்லை. மத்திய கால இங்கிலாந்தில் நோயாளியை நூலால் அளந்து, அந்த நூலையே திரியாக்கி மெழுகு வார்த்து, புனிதரின் சமாதியில் எரிப்பது வழக்கமாக இருந்தது. பம்பாய் பாந்த்ராவில் மவுண்ட் மேரி கோயிலில், அதே செப்டம்பர் 8ஐ ஒட்டிய திருவிழாவில், கையாகவும் காலாகவும் வார்த்த மெழுகு உருவங்களையே செலுத்துகிறார்கள். எனக்கு வேளாங்கண்ணியின் நீளம் பாந்த்ராவின் கை காலை விட மேலான கற்பனையாகப் படுகிறது. உறுப்பைப் பிரதி எடுப்பதை விட அளவை மட்டும் எடுப்பது கடினமான காரியம். இதைச் சொன்னவுடனே நான் தரம் பிரித்துவிட்டேன் என்பதைக் கவனிக்க வேண்டும். எரிந்து போகிற இரண்டு பொருள்களில் ஒன்று மற்றதை விட மேல் என்று சொல்ல முடிகிறது. இந்தக் கட்டுரை முழுதும் அந்த ஒரு சாத்தியத்தைப் பற்றித்தான்.

அழிப்பதற்கென்றே செய்யப்படும் கலை பற்றி மேற்கில் 1959க்குப் பிறகு நிறையப் பேசிவிட்டார்கள். குஸ்தாவ் மெட்ஸ்கர் அந்த ஆண்டு நவம்பரில் லண்டனில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டார். நியூரம்பர்க்கில் பிறந்த யூதர். சிறுவனாக இங்கிலாந்து வந்து சேர்ந்து, பெற்றோரை நாஜிகளுக்குப் பலி கொடுத்தவர். தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் கலையின் ஆயுள் சில கணங்களிலிருந்து இருபது வருஷம் வரை என்று வரையறுத்தார். 1961 ஜூலை 3ஆம் தேதி தேம்ஸ் நதியின் தென்கரையில், முகமூடி மாட்டிக்கொண்டு, இழுத்துக் கட்டிய நைலான் துணிகள் மேல் அமிலத்தைத் தெளித்தார். துணி கிழிந்து, சுருண்டு, உதிர்ந்தது. அணுகுண்டு யுகத்தில் அழிவைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1960 மார்ச் 17 அன்று, நியூயார்க்கில் நவீன கலைக் காட்சிக்கூடத்தின் தோட்டத்தில் ழான் தாங்கெலி சைக்கிள் சக்கரம், குளியல் தொட்டி, பியானோ என்று கிடைத்ததையெல்லாம் பூட்டி ஒரு பெரிய இயந்திரத்தைக் கட்டி, அது தன்னைத் தானே நொறுக்கிக்கொள்ளும்படி ஓட விட்டார். அரை மணிக்குள் தீயணைப்பு ஆள் வந்து அணைக்க வேண்டியதாயிற்று.

இரண்டுக்கும் பின்கதை உண்டு. தாங்கெலியின் இயந்திரத்தின் ஒரு துண்டு இன்று அதே காட்சிக்கூடத்தின் சேகரிப்பில் பட்டியல் எண்ணோடு இருக்கிறது. 2004இல் டேட் பிரிட்டன் காட்சிக்கூடத்தில் மெட்ஸ்கரின் பழைய நிகழ்வை மறுபடி அமைத்துக் காட்டினார்கள். அதன் ஓர் அங்கமாகக் குப்பை நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பை வைக்கப்பட்டிருந்தது. துப்புரவுத் தொழிலாளி ஒருவர் அதை நிஜக் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார். மெட்ஸ்கர் வேறொரு பை வைத்தார். பத்திரிகைகள் சிரித்தன. எனக்குச் சிரிப்பு வேறு காரணத்துக்காக வந்தது. அழிவை வேண்டியவரின் படைப்பில், அழிக்க வேண்டிய கடமையை முழுமையாகச் செய்தவர் அந்த ஒருவர்தான். அதைப் பிழை என்று எழுதிவைத்தது காட்சிக்கூடம்.

இந்த இடத்தில் நம்மவர்கள் வழக்கமாகக் கை தூக்கிவிடுவார்கள். இதெல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்தது. கோலம் இருக்கிறது, பிள்ளையாரைக் கரைக்கிறோம், முளைப்பாரியை ஆற்றில் விடுகிறோம். மெட்ஸ்கர் என்ன புதிதாகச் சொல்லிவிட்டார் என்று. விமானத்தையும் வேதத்தையும் இணைத்த அதே குரல் இது. மெட்ஸ்கரின் அமிலம் ஒரு எதிர்ப்பு. அவர் தெளிக்கிறபோது, துணியில் இருப்பது அழியக் கூடாது என்று நம்புகிற ஒரு சந்தையும் ஒரு காட்சிக்கூடமும் எதிரே நிற்கின்றன. அவை இல்லாவிட்டால் அந்தச் செயலுக்கு அர்த்தமில்லை. வாசலில் அரிசி மாவு இழுக்கிற பெண்ணுக்கு எதிரே அப்படி யாரும் நிற்கவில்லை. எறும்பு தின்னட்டும், சைக்கிள் ஏறட்டும், நாளைக்கு வேறு என்பது அவளுக்கு ஒரு வாதமாகத் தோன்றியிருக்காது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டையும் பார்க்காமல் விட்டதாகத்தான் ஆகும்.

ஆனால் இதற்கு எதிர்க்கட்சியும் எனக்கு உவப்பில்லை. இவை கலை அல்ல, சடங்கு. சடங்கில் நன்று தீது என்று பார்ப்பது தவறு. அர்த்தத்தை விளக்கலாம், மதிப்பிடக் கூடாது என்று சொல்கிற படிப்பாளிகளின் கட்சி அது. மரியாதை போல் தொனிக்கிற புறக்கணிப்பு. சடங்கு என்ற சொல்லைப் போட்டவுடன் கண் மூடிக்கொள்கிறது.

கேரளத்தின் களமெழுத்தை எடுத்துக்கொள்வோம். தரையில் ஐந்து பொடிகளால் காளியை வரைகிறார்கள். அரிசி மாவு வெள்ளை, உமிக்கரி கறுப்பு, மஞ்சள் மஞ்சளே, பச்சைக்கு இலைகளைக் காயவைத்து இடித்த பொடி, சிவப்புக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு. தூரிகை இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொடி வழிகிறது. விரல் தரையைத் தொடாது. மார்புக்கு நெல்லைக் குவித்து எழுப்பி, அதன் மேல் பொடியைத் தூவுவார்கள். பல மணி நேரம் பிடிக்கிற இந்த வேலை முடிந்து பாட்டும் பூஜையும் ஆனபின், வெளிச்சப்பாடு வந்து ஆடி, காலால் கலைத்துவிடுவார். கலைந்த பொடி பிரசாதம். இந்தக் கோட்டின் வேகத்தை, கறுப்பு சிவப்பை நெருக்குகிற இடத்தை, ஒரு குறுப்பின் கைக்கும் இன்னொரு குறுப்பின் கைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஊர்க்காரர்கள் அறிவார்கள். நமக்குக் கிடைக்கிற புத்தகங்களிலோ பொடிகளின் பட்டியலும் தேவியின் கதையும் இருக்கும். கை இருக்காது.

நான் சொல்ல வந்ததற்கு இன்னும் நெருக்கமான ஒன்று நம்மிடமே இருக்கிறது. வேலை மாற்றலில் இரண்டு வருஷம் விழுப்புரம் பக்கம் இருக்க நேர்ந்தது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கிற நாடு அது. பகலில் பிரசங்கி பாரதம் படிப்பார், இரவில் தெருக்கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். ஊருக்கு வெளியே பொட்டலில் மண்ணைக் குழைத்து, துரியோதனனை மல்லாந்து படுத்த நிலையில் பிரம்மாண்டமாகச் செய்திருப்பார்கள். தலைமாட்டில் நிற்கிறவனுக்குக் கால் பக்கம் நிற்பவர் யார் என்று சட்டெனத் தெரியாத நீளம். கிரீடம், முறுக்கு மீசை, விழித்த கண், கையில் கதை, எல்லாம் வண்ணம் தீட்டியவை. பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண்ணைச் சுற்றி ஓடி, அதன் மேல் ஏறி ஆடி, முடிவில் பீமன் தொடையில் அடிப்பான். தொடைக்குள்ளே சிவப்பு நீர் ஒரு பானையில் புதைந்திருக்கும். அதை எடுத்துத் திரௌபதியின் விரித்த கூந்தல் முடியப்படும். அப்புறம் ஜனங்கள் மண்ணைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போவார்கள், வீட்டுக்கும் வயலுக்கும் காவலாக. மாலை தீமிதிக்குள் அரசன் ஒரு மேடாகியிருப்பான்.

ஒரே கோடையில் மூன்று ஊர்களில் மூன்று துரியோதனர்களைப் பார்த்தேன். மூன்றாவது ஊரில், பொழுது விடிகிறபோதே வந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒருவர், "போன வருஷம் தொடை நல்லா எறங்கி இருந்துச்சு. இது குதிர் மாதிரி இருக்குது" என்றார். இன்னொருவர், "கண்ணு பரவாயில்ல, செத்தவன் கண்ணா இல்ல" என்றார். முதல்வர், "சாகலயே இன்னும், பீமன் வரட்டும்" என்றார். தொடையின் வடிவம் பற்றிய அந்தப் புகார் சாதாரணமானதல்ல. அடி விழப்போகிற இடம் அது. அங்கே சதையின் கனம் இல்லாவிட்டால் அடி மண்ணில் விழும், தொடையில் விழாது. கண் பற்றிய விவாதம் இன்னும் நுட்பம். கிடப்பவன் யார், வீழ்ந்தவனா வீழப்போகிறவனா என்ற கேள்வியை மண் எப்படித் தீர்த்துக்கொண்டது என்று கேட்கிறார்கள். நவீன ஓவியம் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற கட்டுரைகளில் இவ்வளவு கறாரான இரண்டு வாக்கியங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஆக, அங்கே விமர்சனம் நடக்கிறது. அச்சில்தான் இல்லை. ஏன் இல்லை? அடுத்த நாள் இல்லாமல் போகிற ஒன்றைப் பற்றி எப்படி எழுதுவது, வாசகன் எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியைக் கச்சேரி விஷயத்தில் நாம் கேட்டதில்லை. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதியபோது, அவர் கேட்ட தோடியை வாசகன் கேட்டிருக்கவில்லை, இனிக் கேட்கப்போவதும் இல்லை. அந்த இரவோடு போய்விட்ட ஒன்றைப் பற்றி, நன்றாக இருந்தது, இன்ன இடத்தில் சறுக்கியது என்று அவர் அச்சில் சொன்னார், ஊர் படித்தது. சுப்புடு பின்னால் அதையே ஒரு ரணகளமாக்கினார். அழிவு அங்கே தடையாக இருக்கவில்லை. சபாவில் கரைகிற ராகத்துக்கு விமர்சகன் போகிறான். பொட்டலில் கரைகிற மண்ணுக்கு மானுடவியலாளன் போகிறான். இந்தப் பங்கீட்டைச் செய்தது காலம் அல்ல. யார் வீட்டுப் பிள்ளை பாடினான், யார் வீட்டுப் பிள்ளை மண் குழைத்தான் என்பதுதான்.

மானுடவியலாளரைக் குறை சொல்லவில்லை. திரௌபதி வழிபாடு பற்றி ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் இல்லாவிட்டால் படுகளத்தின் பரப்பே நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவருடைய கேள்வி வேறு. அந்தக் கேள்விக்கு அவர் விசுவாசமாக இருந்தார். என் மனக்குறை நம்மவர்கள் மேல். புஞ்சை ந. முத்துசாமி தெருக்கூத்தை நாடகக் கலையாகப் பார்க்க வேண்டும் என்று சிறுபத்திரிகை உலகத்தை உலுக்கினார்; 1977இல் கூத்துப்பட்டறை வந்தது. நடிகனின் அடவு, குரல், முகவீணை, விருத்தம் எல்லாம் விமர்சன பாஷைக்குள் வந்து சேர்ந்தன. அது பெரிய காரியம். ஆனால் அதே திருவிழாவில், அதே கதையின் உச்சத்தில் கிடக்கிற மண் அரசன் வெளியிலேயே நின்றுவிட்டான். அவனை மேடைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். சென்னைக்கு வராதது விமர்சனத்துக்கும் வராது.

அழிவைப் பற்றி இன்னும் ஒன்று. பொருளுக்கும் அழிகிற விதத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். களிமண் பிள்ளையார் நீரில் கரைகிறார், வந்த இடத்துக்குப் போகிறார். சிமெண்டுக்குத் தம்பி போன்ற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து ரசாயன வண்ணம் அடித்தவர் கரைவதில்லை. கை வேறு, தும்பிக்கை வேறாகக் கரை ஒதுங்குகிறார். 2020இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் நெறிமுறைகளைத் திருத்தி இந்தப் பொருளைத் தடுத்தது நீரின் நலனுக்காக. எனக்கு அதில் ஓர் அழகியல் நியாயமும் தெரிகிறது. அழியாத பொருளில் செய்துவிட்டு அழிப்பதாகப் பாவனை செய்வது மோசமான நடிப்பு. அதே அளவுகோலால், வாசலில் கல் மாவு போடுவது அரிசி மாவை விடக் கோட்டில் வெண்மை கூடுதலானாலும், ஒரு படி கீழே என்பேன். எறும்புக்கு அதில் பங்கில்லை. ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

அழிவே அழகு என்று எழுதுகிறவர்களிடமிருந்தும் விலகி நிற்க விரும்புகிறேன். இந்தக் கடற்கரையில் அப்படி எழுத மனம் வராது. 2004 டிசம்பர் 26 காலை, கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்தவர்கள் வேளாங்கண்ணியில் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். கடைத்தெரு போயிற்று. கடல் செய்ததற்கு வடிவம் இல்லை. படுகளத்தில் அழிக்கிறவனுக்கு எங்கே அடிக்க வேண்டும் என்று தெரியும்; அடிபடுகிறது எந்த அடிக்காகச் செய்யப்பட்டது என்று செய்தவனுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அந்த ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நிலையாமை, அநித்யம் என்று பெரிய சொற்களைப் போடுவது, பிறர் இழப்பின் மேல் கவிதை எழுதுவது. மண் குழைத்தவரின் கூலியும் இந்தக் கணக்கில் வருகிறது. என் வேலை தங்க வேண்டாம் என்று மெட்ஸ்கர் தீர்மானித்துக்கொண்டார். இங்கே அதைத் தீர்மானித்தது ஊர். செய்தவருக்கு நாள் கூலியும், வேட்டி துண்டும். அவர் பெயரை நோட்டீஸில் தேடினேன். பிரசங்கி பெயர் இருந்தது, கூத்து வாத்தியார் பெயர் இருந்தது, சீரியல் விளக்குக்காரர் பெயர் இருந்தது.

விமர்சனம் வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுதாமல் போவது அழகல்ல. மூன்றாவது ஊரின் துரியோதனனைப் பற்றி என் அபிப்பிராயம் இது.

தலையும் கிரீடமும் பலவீனம். கிரீடத்தில் சரிகைத்தாள் ஒட்டியிருந்தது மண்ணின் கனத்தைக் கெடுத்தது. கூத்து வேஷத்தின் கிரீடத்தைப் பார்த்துச் செய்தது போல் இருந்ததே தவிர மண்ணிலிருந்து எழவில்லை. தொடை பற்றிப் பெரியவர் சொன்னது சரி. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். பானையை முந்தைய ஊரில் செய்தது போல மேலாகப் புதைக்காமல் ஆழமாக வைத்திருந்தார்கள். அதை மூட மண் ஏறிவிட்டது. விளைவாகப் பீமன் மூன்று தரம் அடிக்க வேண்டியிருந்தது, கூட்டம் சலசலத்தது. முதல் ஊர்க்காரர் ஒரே அடியில் திறந்துகொள்ளும்படி தொடையின் மேல்தோலை மெலிதாக விட்டிருந்தார். அழிவதைக் கணக்கிட்டுச் செய்த வேலை அது, மூன்றிலும் அதுவே தேர்ச்சியானது.

மார்பு நன்றாக இருந்தது. மற்ற இரண்டு ஊர்களிலும் மார்பு ஒரு பலகை. இங்கே மூச்சை இழுத்துப் பிடித்தவனின் மார்பு, விலா எலும்புக்குக் கீழே வயிறு பள்ளமாக உள்வாங்கியிருந்தது. ஏரிக்குள் மூச்சடக்கி ஒளிந்திருந்தவனை வெளியே இழுத்துக் கொன்ற கதை அது. செய்தவர் அதை நினைத்துத்தான் செய்தாரா என்று கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகவும் எனக்குப் படவில்லை. வலது கை கதையை வழக்கம்போல் பிடித்திருந்தது. இடது கை உள்ளங்கை கீழாகத் தரையில் பதிந்து, விரல்கள் மட்டும் மண்ணுக்குள் புதைந்திருந்தன, எழுந்திருக்க ஊன்றுகிறவன் போல. வண்ணம் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. விரல்களுக்கு வண்ணம் இல்லை. எது விரல், எது பொட்டல் என்று பிரிக்க முடியவில்லை. அடி விழுந்து, ஜனம் உள்ளே புகுந்தபோது முதலில் மீசை போனது, அப்புறம் தோள். பத்து மணிக்கு மேல் நான் கிளம்பும்போது ஒரு சிறுமி அந்த இடது கைப் பக்கம் குந்தி, முந்தானையில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். விரலையும் அள்ளினாளா, கீழே கிடந்த தரையையும் சேர்த்தா என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.